கவ்வாத்துக் கத்தியின் கூர்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் எழுதப்படாத தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

கேமரன் மலையின் தேயிலை வரலாறு பெரும்பாலும் ஆண்டுகளையும் உரிமையாளர்களையும் கொண்டே தொடங்கப்பெறுகின்றது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியில் நில ஆய்வு மேற்கொண்டார். 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ.பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். இச்செய்திகள் பதிவு பெற்றவை. ஆயின், தேயிலைச் செடியைப் பல்லாண்டுகள் பேணி நிறுத்திய கருவி யாது, அக்கருவிக்குக் கூர் ஏற்றிய கை யாருடையது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பெறுகின்றன. இக்கட்டுரை கவ்வாத்துக் கத்தியின் கூரை முன்னிறுத்தி அவ்வினாக்களை அணுக முற்படுகின்றது.

கவ்வாத்தும் கத்தியும்

தேயிலை இயல்பில் ஒரு மரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைத் தாழ வெட்டுவதனாலேயே அஃது இடுப்பளவில் நின்று புதுத்தளிர் ஈனுகின்றது. இவ்வாறு வெட்டுதலை இலங்கை, நீலகிரித் தோட்டத் தமிழ் ‘கவ்வாத்து’ என வழங்கும். கொழுந்து கொய்தல் பெரிதும் பெண்களின் பணியாகவும் கவ்வாத்து ஆண்களின் பணியாகவும் தோட்ட மரபில் அமைந்தன.

முற்றிய கிளையை ஒரே வீச்சில், சாய்வாக வெட்டுதல் வேண்டும். சாய்ந்த வெட்டில் மழைநீர் தேங்காது. மழுங்கிய கத்தி கிளையை அறுக்காது, நசுக்கிப் பிளக்கும். பிளந்த வாயில் பூஞ்சை புகுந்து, தண்டு உள்ளிருந்தே உளுத்துப்போகும். மழை மிக்க கேமரன் மலையில் இவ்விடர் மேலும் பெரிது. ஆகவே, கத்தியின் கூரும் செடியின் ஆயுளும் ஒன்றையொன்று சார்ந்தவை.

கூரின் கணக்கு

கூர் நிலைத்து நிற்பதற்கு எஃகின் கடினமும் தீட்டும் கோணமும் ஒத்துச் செல்லுதல் வேண்டும். மென்மையான எஃகின் வாய் வேலையில் மடங்கும். மிகக் கடினமான எஃகின் வாய் மடங்காது, ஆயின் சில்லுச் சில்லாக உதிரும். கடின எஃகாலான மடக்குக் கத்தியைப் பக்கத்திற்கு 15 முதல் 20 பாகை வரையில் மெலிதாகத் தீட்டலாம். அது கயிற்றையும் கனியையும் அறுப்பது. முற்றிய மரத்தின்மீது வீசப்படும் கத்திக்கு அம்மெலிவு ஆகாது. அதற்குச் சற்றுக் கடினம் குறைந்த எஃகும், பக்கத்திற்கு 20 முதல் 25 பாகை வரையிலான தடித்த வாயும் பொருந்தும்.

இக்கோணத்தைக் கருவியின்றி அளக்கலாம். 30 மில்லிமீட்டர் அகலமுடைய அலகின் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 15 பாகை. 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் 20 பாகை. 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய உயர்த்தினால் 25 பாகை. எளிதில் மழுங்கும் கூருக்கும் நாள்முழுதும் நிற்கும் கூருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விரற்கடைக்கும் குறைவு. ஒரு பக்கம் தீட்டுங்கால் மறுபக்கத்தில் பிசிர் எழும். அது முழு நீளத்திற்கும் எழுந்த பின்னரே மறுபக்கம் திருப்புதல் வேண்டும். தண்ணீர் ஊற்றாது விரைந்து சுழலும் சாணையில் கத்தியைப் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாயும். கொல்லர் ஏற்றிய தோய்ச்சல் அவ்விடத்தில் இறங்கிவிட்டது என்பதற்கு அந்நீலமே சான்று. இவற்றைக் கண்ணும் காதும் விரலும் கொண்டு அறிதல் நெடும்பயிற்சியால் வருவது.

‘திறன்சாராப் பணி’

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் அழகிய படைக்கலங்களையும், போரில் வாயும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களையும் ஒப்புநோக்குகின்றார். கருவியின் மதிப்பு அது பட்ட உழைப்பில் உள்ளது என்னும் கருத்து அங்கே உட்கிடை. கொடுமணல் அகழாய்வும் மேல்சிறுவலூர் ஆய்வும் தமிழகத்தில் இரும்பு, எஃகுத் தொழில் செழித்திருந்தமையைக் காட்டுகின்றன. தென்னிந்திய உருக்கு எஃகை 1819ஆம் ஆண்டளவில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஆராய்ந்தார். கத்தி செய்வோராகிய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவருடன் இணைந்து அவ்வாய்வைத் தொடர்ந்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் வேளாண் உழைப்பைத் ‘திறன்சாராப் பணி’ என்னும் பிரிவில் அடக்கியது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் அச்சொல்லின் கீழேயே கப்பலேறினர். எஃகை ஆய்வுக்கூடத்தில் வியந்த பேரரசு, எஃகைப் பதமறிந்து ஆண்டவனின் கையைத் திறனற்றது என எழுதிவைத்தது. கூலியும் அவ்வெழுத்தைப் பின்பற்றியே அமைந்தது.

மரபின் அறுபடல்

1969க்குப் பின் குடியுரிமை பெறாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்னும் நிலை வந்தபோது, மலேசியத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. எஞ்சியோரின் மக்கள் நகர்ப்புற வேலைகளை நாடினர். அவர்தம் இடத்தை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் தொழிலாளர் நிரப்பினர். கொழுந்து கொய்யும் விரல்களின் பணியைக் கத்தரியும் இயந்திரமும் ஏற்றன. கவ்வாத்துக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கடும் உழைப்பு குறைந்தது நன்றே. ஆயின், தந்தை கையைப் பார்த்து மகன் கற்ற ஓர் அறிவு ஏட்டில் ஏறாமலேயே கைமாறும் வழியை இழந்தது.

முடிவுரை

தோட்ட வரலாற்றை ஆவணக் காப்பகங்களில் மட்டும் தேடுவோமாயின், ‘திறன்சாராப் பணி’ என்னும் சொல்லையே மீண்டும் மீண்டும் காண்போம். அச்சொல்லுக்கு மறுமொழி முதியோரின் நினைவிலும், தேய்ந்து மெலிந்த கத்திகளிலும், குழிவிழுந்த தீட்டுகற்களிலும் உள்ளது. தேய்ந்த கல் ஒன்றின் குழிவு, அதன்மீது கத்தி எக்கோணத்தில் எத்துணைக் காலம் நடந்தது என்பதைச் சொல்லவல்ல ஆவணம். இக்கருவிகளைத் திரட்டுதலும், அவற்றைப் பிடித்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்தலும் நம் துறை மாணவர்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அம்முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது.