ஆட்டம் எந்த அலைவரிசையில்?

அண்மையில் ஒரு பிற்பகல் கனடாவிலிருந்து அண்ணரின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஸ்காபரோவில் அப்போது காலை ஆறு மணியைத் தாண்டியிருக்கும். சுகம் விசாரிக்கவில்லை. "தம்பி, மட்ச் எதிலை போகுது?" என்பதே அவருடைய முதற்கேள்வி.

இந்திய அணி இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. எழுபது வயதைக் கடந்த அண்ணர் கேபிள் பெட்டிக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறார். பேரப்பிள்ளை ஏற்பாடு செய்துகொடுத்த இரண்டு இணையச் சேவைகளுக்கும் அவருடைய கடனட்டையிலிருந்தே பணம் கழிகிறது. இருந்தும் ஆட்டத்தைக் காணவில்லை. முன்பு வந்த அலைவரிசை இப்போது அவருடைய பொதியில் இல்லையாம். செயலியில் உண்டு என்கிறார்களாம். செயலியோ கடவுச்சொல்லைக் கேட்கிறது. பேரப்பிள்ளை உறக்கத்தில்.

இது முதியவர் ஒருவரின் தொழில்நுட்பத் தடுமாற்றம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. "ஆட்டம் எதில் போகிறது?" என்ற கேள்விக்குள் "ஆட்டம் யாருடைய சொத்து?" என்ற இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கால வரலாறு உண்டு.

கமரா இல்லாத நாள்

கிரிக்கெட் தொலைக்காட்சிக்கு வந்தது 1938 யூன் மாதத்தில். லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தை பி.பி.சி. ஒளிபரப்பியது. அதன்பின் நெடுங்காலம் ஒளிபரப்பாளர் என்றால் அரச நிறுவனம் அல்லது பொது நிறுவனம் என்பதே வழமை. ஆட்டத்தைக் காட்டுவது ஒரு பொதுச் சேவையாகக் கருதப்பட்டது. காட்டாமல் விட்டால் கேட்க எவரும் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

1983 யூன் 18 ஆம் திகதி ரன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில், 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்ற இந்திய அணியைக் கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் பெற்றுக் காப்பாற்றினார். ஒருநாள் கிரிக்கெட்டின் மகத்தான ஆட்டங்களில் ஒன்றான அதற்கு ஒளிப்பதிவு கிடையாது. மைதானத்தில் இருந்தவர்களின் நினைவிலும் மறுநாள் பத்திரிகைகளிலுமே அது வாழ்கிறது.

இலங்கையின் கதையில் ஒரு தற்செயல் பொருத்தம் உண்டு. ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி. இரண்டு நாட்கள் கழித்து, பெப்ரவரி 17 ஆம் திகதி, இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. ஆட்டம் நடந்த கொழும்பு பி. சரவணமுத்து மைதானம், கிரிக்கெட் சபையின் முதல் தலைவரான பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கியது. தேசியத் தொலைக்காட்சியும் முதலாவது டெஸ்ட் ஆட்டமும் ஒரே வாரத்தில் நாட்டுக்கு வந்தன. அப்போது பள்ளி மாணவர்களாயிருந்த எங்களுக்கு ஆட்டம் எதில் போகிறது என்ற சந்தேகமே எழவில்லை. தொலைக்காட்சி எந்த வீட்டில் இருக்கிறது என்பதே கேள்வி.

நீதிமன்றம் ஏறிய ஆட்டம்

ஒளிபரப்பு உரிமை என்பது பொன் விளையும் நிலம் என்பதை முதலில் கண்டவர் அவுஸ்திரேலிய ஊடக அதிபர் கெரி பக்கர். 1976 இல் தன் சனல் நைன் தொலைக்காட்சிக்காக அவர் பெருந்தொகையுடன் கிரிக்கெட் சபையை அணுகினார். சபையோ வழமைப்படி பொது ஒளிபரப்பாளரான ஏ.பி.சி.யின் பக்கமே நின்றது. பக்கர் உலகின் முன்னணி வீரர்களை விலைக்கு வாங்கி 1977 இல் தனித் தொடரையே ஆரம்பித்தார். வீரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டபோது இலண்டன் நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. 1979 இல் சபை இறங்கி வந்தது. உரிமை சனல் நைனிடம் போனது. மின்னொளி ஆட்டமும் வண்ணச் சீருடையும் அந்தச் சண்டையின் மிச்சங்கள்.

தெற்காசியாவில் இதே சண்டை வேறு வடிவில் வந்தது. தூரதர்ஷன் தனியுரிமை கொண்டிருந்த காலத்தில், ஆட்டத்தைக் காட்டுவதற்காகக் கிரிக்கெட் சபையிடமே கட்டணம் கேட்கும் நிலை இருந்தது. 1993 இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கிண்ணச் சுற்றுப்போட்டியின் உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. இலங்கையும் பங்குபற்றிய சுற்றுப்போட்டி அது. அரசு இடம்கொடுக்க மறுத்தது. விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. இடைக்கால உத்தரவுடன் போட்டிகள் காட்டப்பட்டன. அரையிறுதியின் கடைசி ஓவரைச் சச்சின் வீசி வென்ற காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

வழக்கின் தீர்ப்பு 1995 பெப்ரவரி 9 ஆம் திகதி வந்தது. காற்றலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் ஏகபோகம் அல்ல என்றது நீதிமன்றம். ஆனால் தீர்ப்பின் மறுபாதியைப் பலர் மறந்துவிட்டனர். அரசின் பிடியிலிருந்து விடுபடும் அலைகள் தனியாரின் பிடிக்குள் விழுந்துவிடக்கூடாது, சுதந்திரமான பொது அதிகாரசபை ஒன்றே அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதும் அதில் இருந்தது. முதற்பாதி உடனே நடைமுறைக்கு வந்தது. மறுபாதி ஏட்டில் தங்கியது.

மூன்று இடங்களில் ஓர் இறுதியாட்டம்

அடுத்த ஆண்டே அறுவடை தொடங்கிற்று. 1996 உலகக் கிண்ணத்தின் ஒளிபரப்பு உரிமையை மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்ட்டெல் நிறுவனம் ஒரு கோடி அமெரிக்க டொலருக்குப் பெற்றது. அதுவரை எவரும் கேள்விப்படாத தொகை. அவ்வாண்டு சனவரி 31 ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கி குண்டுத் தாக்குதலின் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக வந்து ஆடி ஆதரவு காட்டினர். மார்ச் 17 ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நிற்க, முரளிதரனும் இருந்த அணி கிண்ணத்தை வென்றது.

அந்த இரவு எங்கள் குடும்பம் மூன்றாகப் பிரிந்திருந்தது. நான் கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமையில் இருந்தேன். செய்தி அறைத் தொலைக்காட்சியின் அன்ரனாவை ஒருவர் பிடித்திருக்க, முதற்பக்கம் காத்திருந்தது. வெளியே வெடிச்சத்தம் கேட்டபோது ஒரு கணம் எல்லோரும் திடுக்கிட்டோம். பிறகுதான் அது பட்டாசு என்று புரிந்தது.

அண்ணர் ரொறன்ரோவில். அங்கே அப்போது காலை. இருபது பேர் பணம் சேர்த்துச் செய்மதி இணைப்புள்ள ஒரு நண்பரின் வீட்டில் விடியுமுன்னரே கூடிப் பார்த்தார்களாம். அவர் எப்போதும் இந்திய அணியின் பக்கம். எங்கள் ஊரில் பலர் அப்படித்தான். அதற்குக் கிரிக்கெட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களும் இருந்தன. அன்று முரளிக்காகக் கைதட்டியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அப்பாவும் அம்மாவும் தென்மராட்சியில். 1995 இறுதியின் பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுச் சென்று, ஒரு பாடசாலை வகுப்பறையில் இருந்தார்கள். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பற்றரியும் கிடைப்பதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்பது அக்காலத்து வழமை. பையன்கள் முறைவைத்துச் சுற்ற, அப்பா நேர்முக வர்ணனையைக் கேட்டிருக்கிறார். பல மாதங்கள் கழித்துக் கைக்குக் கிடைத்த அவருடைய கடிதத்தில் வீட்டின் நிலை, அம்மாவின் வருத்தம் எல்லாம் எழுதியபின், கடைசி வரியில் அரவிந்தவின் ஓட்ட எண்ணிக்கையைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்.

தொலைபேசி இல்லை, போக்குவரத்து இல்லை. இருந்தும் ஒரே ஆட்டத்தை மூவரும் ஒரே நேரத்தில் பின்தொடர்ந்தோம். அதை வேலிகட்டி மறிக்கும் வசதி அன்று எவரிடமும் இருக்கவில்லை.

வேலிகள்

வேலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரித்தானியாவில் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்கள் 1998 இல் இலவச ஒளிபரப்புக்கென ஒதுக்கப்பட்ட நிகழ்வுகளின் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டன. 1999 முதல் சனல் 4 அவற்றைக் காட்டியது. 2005 ஆஷஸ் தொடரை நாடே பார்த்து மகிழ்ந்தது. 2006 முதல் அவை கட்டணத் தொலைக்காட்சியான ஸ்கைக்குச் சென்றன. 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஸ்கை, சனல் 4 உடன் பகிர்ந்துகொண்டபோதுதான் பெருவாரியான மக்கள் தம் அணியை மீண்டும் இலவசமாகக் கண்டார்கள்.

இந்தியாவில் 2004 பாகிஸ்தான் பயணத்தின்போது டென் ஸ்போர்ட்ஸின் ஒளிபரப்பைத் தூரதர்ஷனுடன் பகிரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2007 இல் அதற்கெனச் சட்டமே வந்தது. ஆனால் அவ்வாறு பகிரப்படும் ஒளிபரப்பைத் தூரதர்ஷன் தன் சொந்தத் தளங்களில் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியாகக் காட்டக்கூடாது என்று 2017 இல் தீர்ப்பாயிற்று. இலங்கையிலோ சொந்த மண்ணில் நடந்த ஆட்டங்களைக்கூடப் பலர் டுபாயிலிருந்து இயங்கிய டென் ஸ்போர்ட்ஸில் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

பிறகு இணையம் வந்தது. ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு உரிமை 2017 இல் 16,347.5 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. 2022 இல் நடந்த ஏலத்தில் அடுத்த ஐந்தாண்டுகளுக்கான தொகை 48,390 கோடி. அந்த ஏலத்தில் இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை ஒருவரிடமும் இணைய உரிமை இன்னொருவரிடமும் சென்றன. 2023 இல் ஜியோசினிமா எல்லா ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. போட்டியாளர்கள் இருவரும் 2024 நவம்பரில் ஒன்றிணைந்தனர். 2025 பெப்ரவரியில் ஜியோஹொட்ஸ்டார் பிறந்தது; இலவச ஆட்டம் சந்தாவுக்குள் போனது. முதலில் இலவசம், பிறகு பழக்கம், கடைசியில் கட்டணம். எங்கள் ஊர்ச் சந்தையில் புதுக்கடை போடுபவரும் இதைத்தான் செய்வார். ஆனால் அங்கே பக்கத்தில் இன்னொரு கடை இருக்கும்.

அண்ணருக்குச் சொன்ன வழி

அண்ணர் போன்றவர்கள் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில். தம் அணி எதுவோ அதன் ஆட்டமெல்லாம் ஒரே இடத்தில் வரும் என்று எண்ணுகிறார்கள். உரிமை அணியைப் பின்தொடர்வதில்லை, மண்ணைப் பின்தொடர்கிறது. இந்தியா கொழும்பில் ஆடினால் விற்கும் உரிமை இலங்கைக் கிரிக்கெட் சபைக்கு. மும்பாயில் ஆடினால் இந்தியச் சபைக்கு. உலகக் கிண்ணமென்றால் சர்வதேசக் கிரிக்கெட் பேரவைக்கு. ஒவ்வொருவரும் அதை நாடு நாடாகவோ பிராந்தியம் பிராந்தியமாகவோ பிரித்து விற்கிறார்கள். ஆகவே கொழும்பில் நான் பார்க்கும் அலைவரிசையின் பெயர் ரொறன்ரோவில் இருப்பவருக்கோ சிட்னியில் இருப்பவருக்கோ பெரும்பாலும் பயன்படாது. ஆட்டம் யார் மண்ணில், நாம் இருப்பது எந்த நாட்டில் என்ற இரண்டையும் பார்த்தபின்தான் சந்தாவைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆண்டுச் சந்தாவைவிட, தொடர் நடக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டுவது பல சமயங்களில் மலிவு.

விளையாட்டுச் சபைகளுக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பணம் வந்தபின்தான் கிரிக்கெட் வீரர்கள் பலருக்கு ஆட்டமே வாழ்க்கைத் தொழிலாயிற்று. பழைய அரச ஏகபோகம் பொற்காலமும் அல்ல. ஆனால் சில நிகழ்வுகளையேனும் எவரும் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. அது சலுகை அல்ல, பொதுச் சொத்தில் பொதுமக்களுக்குள்ள பங்கு. 1995 தீர்ப்பின் மறந்துபோன பாதியும் அதுவே. தொலைக்காட்சிக் காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டங்களை இணையத்துக்கும் பொருந்துமாறு விரித்தெழுதும் பணியை அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் 2024 இல் தொடங்கியுள்ளன. தெற்காசியாவில் அந்த விவாதத்தை எழுப்ப வேண்டியவர்கள் பார்வையாளர்கள்தான்.

இவ்வளவையும் அன்று அண்ணருக்கு நான் விளக்கவில்லை. பாதி சொல்லும்போதே, "அதெல்லாம் பிறகு கதைப்பம். இப்ப ஸ்கோர் என்ன?" என்றார். என் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியை அதன் அருகே வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். பேரப்பிள்ளை எழும்பும்வரை, ஒன்றரை மணிநேரம், அண்ணர் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே "ஆர் போடுறது?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன்.