கத்தரி, கேசட், கம்ப்யூட்டர்



"சார், பழைய கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுருக்கணும். எந்த எடிட்டிங் சாப்ட்வேர் நல்லது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் சரித்திரமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதியில் எடிட்டிங் என்றால் பிலிமைக் கத்தரியால் வெட்டி ஒட்டுவதுதான். 1924-ல் மூவியோலா என்ற இயந்திரம் வந்தபின் அதில் ஓட்டிப் பார்த்து வெட்டினார்கள். ஒட்டியதைப் பிரித்து இடம் மாற்றவும் முடிந்தது.

1976-ல் வந்த வி.எச்.எஸ். கேசட்டில் அந்த வசதி இல்லை. நம் டவுண், பாளையங்கோட்டை கல்யாணங்களை எடுத்த வீடியோக்காரர்கள் இரண்டு டெக்கை இணைத்து, ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிந்தார்கள். நடுவில் ஒரு காட்சியை நுழைக்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும்.

கம்ப்யூட்டர் வந்ததும் பிலிமின் சுதந்திரம் திரும்பியது. 1989-ல் அவிட், 1991-ல் அடோபி பிரீமியர். 1994 பொங்கலுக்கு வந்த கமலின் 'மகாநதி'யை அவிட்டில் எடிட் செய்த முதல் இந்தியப் படம் என்பார்கள். 2000-ல் விண்டோஸோடு சேர்ந்து மூவி மேக்கர் வீட்டுக்கே வந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதைத் தருவதை நிறுத்தியது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எடிட் செய்யும்போது சேமிக்கும் 'புராஜெக்ட்' கோப்பில் படம் இருக்காது. எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அந்த சாப்ட்வேர் போனால் குறிப்பும் வீண். அதனால் முடித்ததை எம்.பி.4 ஆக எடுத்து வையுங்கள். கேசட்டிலிருந்து ஏற்றிய முழுப் பதிவையும் அழிக்காதீர்கள்.

சாதாரணக் கம்ப்யூட்டருக்கு கேடென்லைவ் போதும். 2002-ல் தொடங்கியது, இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் தொடரலாம். டாவின்சி ரிசால்வ் சினிமாவுக்கு நிறம் திருத்தப் பிறந்தது. இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திணறும்.

எந்த சாப்ட்வேர் என்று யோசித்தே நாளைக் கடத்தாதீர்கள். ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையோடு வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது, கடைசிவரை செய்துகொண்டிருந்தது அதுதான். இனி இருக்கிற பழைய டெக்குகள் ஓடும்வரைதான். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு சிந்துபூந்துறை வீடுகளுக்குள் புகுந்ததையும் பார்த்தோம். பரணில் இருக்கிறது என்ற தைரியம் போதாது. இரண்டு ஊர்களில் இரண்டு பிரதி இருக்கட்டும்.

போட்டோவில் ஆச்சியின் முகம் இருக்கும். "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்கும் குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஓடுகிற வி.சி.ஆர். யார் வீட்டிலாவது இருந்தால் கீழே சொல்லுங்கள். இல்லாதவர்களுக்கு உதவும்.