துறை

புதுச்சேரியின் வடகரையிலுள்ள வைத்திக்குப்பத்தில், மீனவர் தோணி இறக்கும் கரையிலேயே மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலிய மூர்த்திகள் தீர்த்தவாரி காண்பதால், தொழிலுக்கும் பக்திக்கும் பொதுவான ‘துறை’ என்னும் சொல்லின் சரித்திரம் அங்கே பிரத்தியட்சமாக விளங்குகிறது. நீரில் இறங்குமிடத்தைக் குறித்த அச்சொல் நெய்தல் நிலத் தலைவனைத் ‘துறைவன்’ ஆக்கிற்று. புலவரிடம் அகப்பொருள், புறப்பொருள்களின் பாகுபாடாயிற்று. வண்ணார் வெளுக்கும் நீர்க்கரைக்கும், இன்றைய மீன்வளத் துறைக்கும் உரியதாயிற்று. வடமொழித் ‘தீர்த்தம்’ என்பதும் ஆதியில் இறங்குதுறையையே உணர்த்தியதாதலின், படகுத்துறையே புண்ணியத்துறையானது மிகப் பொருத்தமே. ஆயினும், 1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்திற்கெனக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணலின் வடதிசைப் போக்கைத் தடுத்தமையால், கடலரிப்புக்கு ஆளாகிக் கருங்கற்கள் கொட்டப்பட்ட இக்கரையோரத்தில், மணலை மீட்டுத் துறையைக் காப்பது அரசின் தலையாய கடமையாகும்.