ஒரே ஒரு குண்டு: ஒரு பழைய துப்பாக்கியும் மான் வேட்டையும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் உங்களுக்கு நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை இதில் திருத்தப் போகிறேன். ஆகவே கடைசி வரை படிக்கவும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் சில நாட்களுக்கு முன் போனில் பேசினான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, பனி கொட்டும் நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தோள் உயரத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பினாராம்.

"இடுப்புப் பக்கம் மாட்டுக்கொம்பு தொங்குது சார். அதுக்குள்ளதான் மருந்து வச்சிருக்கார். வீட்ல நல்ல ரைஃபிள் இருக்கு. அதை விட்டுட்டு ஏன் சார் இவ்வளவு கஷ்டம்?"

நல்ல கேள்வி. போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கி பிறந்ததே அந்த மாநிலத்தில்தான். 1700-களின் முற்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த துப்பாக்கிக் கொல்லர்கள் லங்காஸ்டர் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்தது குட்டையான, பெருங்குழல் துப்பாக்கி. அமெரிக்கக் காட்டுக்கு அது சரிப்படவில்லை. அங்கே வேட்டைக்குப் போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். ஈயத்தையும் மருந்தையும் சுமந்துகொண்டே போக வேண்டும். எனவே குழலின் துளையைச் சிறிதாக்கினார்கள், நீளத்தை 40 அங்குலத்துக்கும் மேல் கொண்டுபோனார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.60 அங்குலக் குண்டு என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் 20 சொச்சம் வரும். 0.45 அங்குலக் குண்டு என்றால் ஏறக்குறைய 50 வரும். சிக்கனத்தில் பிறந்த துப்பாக்கி அது. பென்சில்வேனியாவில் செய்யப்பட்டாலும் பின்னாளில் 'கென்டக்கி ரைஃபிள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சுடுவது எப்படி? கொம்பிலிருந்து மருந்தை அளந்து குழலின் வாய் வழியே கொட்ட வேண்டும். எண்ணெயோ கொழுப்போ தடவிய சிறு துணியில் ஈயக் குண்டை வைத்து, நீளக் குச்சியால் அடிவரை இறுக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் நைஸான மருந்து போட வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும், கிண்ணத்துத் தீ சிறு துளை வழியாக உள்ளே போகும், அதன் பிறகுதான் குண்டு கிளம்பும்.

விசைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு நொடியின் சிறு பகுதிதான் இடைவெளி. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலேயே மத்தாப்பு கொளுத்தியது போல் நெருப்பு எழும்பும். கை ஆடினால் போயிற்று. மான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளினாலும் போயிற்று. பனி பட்டு மருந்து ஈரமானால் கிண்ணத்தில் மட்டும் 'புஸ்' என்று எரிந்து அடங்கிவிடும். ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ் இன் த பேன்' என்கிறார்களே, அது இதுதான். சரியாக வெடித்தாலும் வெள்ளைப் புகை எதிரே சுவர் போல நிற்கும். மான் விழுந்ததா, ஓடியதா என்று குனிந்து புகைக்கு அடியில் பார்க்க வேண்டும். அடுத்த குண்டைக் கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். எந்த மான் காத்திருக்கும்?

அதனால் வேட்டைக்காரர் 50 கஜத்துக்குள் மானை வரவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, உறைபனியில் மணிக்கணக்காக அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் படபடப்புக்காகத்தான் அந்தப் பெரியவர் ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். கிண்ணத்து நெருப்பைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்று அலுத்துப்போய், ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல் வேறு வகை வெடிமுறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதோடு சக்கிமுக்கிக் கல்லின் காலம் முடியத் தொடங்கியது.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். பிரிட்டனுக்கு வேண்டிய வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்துதான் கப்பலேறியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல்கூட, டுபான்ட் மருந்து ஆலைக் குடும்பத்தின் லாமட் டுபான்ட் இங்கிலாந்துக்கு வந்து இந்திய வெடியுப்பைத்தான் மொத்தமாக வாங்கினார்.

இனி என் திருத்தம்.

"மெதுவான துப்பாக்கி இருந்தவரை காட்டுக்கு ஆபத்தில்லை. வேகமான துப்பாக்கி வந்தது, விலங்குகள் அழிந்தன." வரலாற்றுப் பாடத்தில் இப்படித்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் எழுதியும் போட்டேன். ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் அது பாதி உண்மை என்று தெரிந்தது.

ரோட் தீவில் போர்ட்ஸ்மத் என்ற ஊர், ஆண்டில் சில மாதங்கள் மான் வேட்டை கூடாது என்று 1646-லேயே தடை போட்டது. அப்போது இருந்ததெல்லாம் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான். 1699 முதல் 1715 வரை தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50,000-க்கும் மேற்பட்ட மான் தோல்கள் இங்கிலாந்துக்குப் போயின. கால்சட்டை, கையுறை, புத்தக அட்டை என்று எல்லாவற்றுக்கும் மான் தோல். 1748-இல் பென்சில்வேனியாவின் மொழிபெயர்ப்பாளர் கான்ராட் வைசர், ஒரு பீப்பாய் விஸ்கிக்கு 5 'பக்' என்று பூர்வகுடிகளிடம் விலை சொன்னார். பக் என்றால் கொம்பு மான், அதாவது அதன் தோல். இன்று அமெரிக்கர்கள் டாலரை 'பக்' என்பது அதிலிருந்து வந்ததே என்பார்கள்.

பூர்வகுடி வேட்டைக்காரர்கள் கையில் இருந்தது வெள்ளையர் விற்ற மலிவுத் துப்பாக்கி. துப்பாக்கிக்கும் மருந்துக்கும் துணிக்கும் மதுவுக்கும் தோலைக் கொடுத்தார்கள். போதாதபோது கடன் ஏறியது. 1773-இல் அகஸ்டா ஒப்பந்தத்தில் கிரீக், செரோக்கி மக்கள் அந்தக் கடனுக்கு ஈடாக 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். நம் ஊரில் விதைநெல்லுக்கு வாங்கிய கடன் வயலைக் கொண்டுபோன கதைகள் உங்களுக்குத் தெரியும். அதே கதைதான் அங்கேயும்.

வெள்ளையரும் இதே வேட்டையில்தான் இருந்தார்கள். 1769-இல் கென்டக்கிக் காட்டுக்குள் போன டேனியல் பூன், பல மாதம் சுட்டுச் சேர்த்த தோல்களை ஷானி மக்களிடம் பறிகொடுத்தார். இது எங்கள் வேட்டைக்காடு, திரும்ப வராதே என்று எச்சரித்துத்தான் அவரை விட்டார்கள். அவரைக் கதாநாயகனாக மட்டும் படித்த எனக்கு, அவர்கள் பக்கத்து நியாயம் வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

நான் சொன்னதில் உண்மையான பாதி அடுத்த நூற்றாண்டில் நடந்தது. ரயிலும் வேகத் துப்பாக்கியும் வந்தன. இறைச்சி நகரச் சந்தைக்குப் போயிற்று. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மானைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 1895-இல் வேட்டை ஆணையம் அமைத்தார்கள். 1906 முதல் மிச்சிகன் முதலிய மாநிலங்களிலிருந்து மான்களை விலைக்கு வாங்கி வந்து விட்டார்கள். 1907-இல் கொம்பு மானைத் தவிர மற்றதைச் சுடக் கூடாது என்று சட்டம் வந்தது. மான்கள் பெருகின. 1974-இல், சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைக் காலம் ஒன்றை அறிவித்தார்கள். அந்தப் பெரியவர் போனது அதற்குத்தான்.

ஆகவே பிள்ளைகளே, இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி மெதுவாக இருந்ததால் மான் பிழைக்கவில்லை. தோலுக்குச் சந்தை இருந்தவரை ஒரு குண்டுத் துப்பாக்கியே காட்டைக் காலி செய்தது. போதும் என்று மனிதன் எல்லை போட்ட பிறகே மான் திரும்பி வந்தது. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்!)

கடைசியாகத் தம்பியிடம் கேட்டேன். "பெரியவருக்கு மான் கிடைச்சதாப்பா?"

"இல்ல சார். ஒரு தடவைதான் சுட்டாராம். கிண்ணத்துல மட்டும் எரிஞ்சு அணைஞ்சிடுச்சாம். மான் நின்னு பார்த்துட்டுப் போயிடுச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார். அடுத்த வருஷமும் போவாராம்."

அந்தத் தவறான விடையை எழுதி அன்று முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம், திருப்பிக் கேட்க மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள்.

உங்கள் தாத்தாக்கள் காலத்து நாட்டுத் துப்பாக்கி, வேட்டை பற்றிக் கேட்ட செய்தி ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்