மொன்றியலில் உருவான போர் இயந்திரங்களும் ஊரார் எதிர்வினையும் (1964–2023)

போருக்கான இயந்திரம் ஓர் ஊரில் உருவாகும்போது அந்த ஊர் மக்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள்? கனடாவின் மொன்றியல் நகரை வைத்து இந்தக் கேள்வியை ஆராயக் காரணம் உண்டு. ஆளில்லா வேவு விமானம், கால்களால் நடக்கும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் இந்த நகரத்தில் வளர்ந்தவை. அறுபது ஆண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கருவியின் உருவத்தைக் கண்டுதான் மக்கள் வியந்தார்கள், இரங்கினார்கள், அஞ்சினார்கள். இதற்குப் பணம் கொடுத்தவர் யார், இது யார் தலைக்கு மேலே பறக்கப் போகிறது என்ற கேள்விகள் பிந்தித்தான் வந்தன. இரண்டாவது கேள்வி இன்றுவரை உரிய இடத்தைப் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1964-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மொன்றியலுக்கு வடமேற்கே லா மகாசா என்ற இடத்தில் கனடிய விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த பொமார்க் ஏவுகணைகளுக்கு அமெரிக்க அணுகுண்டு முனைகள் வந்து சேர்ந்திருந்தன. அமைதி இயக்கத்து இளைஞர்கள் அந்த ஆண்டு தளத்தின் வாயிலில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கியூபெக் பெண்களின் வாக்குரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடிய தெரேஸ் காஸ்கிரேன் போன்றவர்கள் 'பெண்களின் குரல்' அமைப்பின் வழியாக அணு ஆயுதத்துக்கு எதிராக ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். அணுகுண்டு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஹிரோஷிமாவின் படங்களைப் பார்த்திருந்தார்கள். எனவே எதிர்ப்பும் வலுவாக இருந்தது.

அதே 1964-இல், மொன்றியலின் சான்-லோரான் பகுதியில் இருந்த கனடேர் தொழிற்சாலை வடிவமைத்த சி.எல்.-89 என்ற ஆளில்லா விமானம் முதன்முறையாகப் பறந்தது. கனடாவும் பிரிட்டனும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. பிறகு மேற்கு ஜெர்மனியும் சேர்ந்துகொண்டது. இதை எதிர்த்து லா மகாசாவில் நடந்தது போன்ற மறியல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அந்த அமைதிக்கான காரணம் அந்த விமானம் வேலை செய்த விதத்திலேயே இருக்கிறது.

ஆள் உயரத்தை விடச் சற்று நீளமான உலோகக் குழாய் அது. லாரியின் மேல் ஏற்றி வைத்து, பின்னால் ராக்கெட் பூட்டி ஏவுவார்கள். சில நொடிகளில் ராக்கெட் கழன்று விழ, சிறிய ஜெட் இயந்திரம் அதை மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் கூடிய வேகத்தில் இழுத்துச் செல்லும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே படம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் புறப்படும் முன்னரே குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். எதிரியின் நிலத்துக்கு மேலே பறந்து படம் எடுத்துத் திரும்பியதும் பாராசூட் விரியும். விமானம் மல்லாந்து, காற்றுப் பைகள் தாங்க, தரையில் இறங்கும். படச்சுருளை எடுத்துக் கழுவினால் பீரங்கிப் படைக்கு இலக்குகள் கிடைத்துவிடும். துப்பாக்கியோ குண்டோ அதில் கிடையாது. படம் எடுக்கும் கருவி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வது எளிது. சான்-லோரான் குடும்பங்களுக்குக் கனடேர் சோறு போட்ட தொழிற்சாலை என்பதும் உண்மை.

1978-இல் அதே நிறுவனம் சி.எல்.-227 என்ற இன்னொன்றைப் பறக்கவிட்டது. செங்குத்தாக எழும்பும் அந்தக் கருவி நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் உருண்டு, வேர்க்கடலை போலவே இருந்தது; செல்லப்பெயரும் அதுவே ஆயிற்று. பார்த்தவர்களுக்கு அது விநோதமான பொறியியல் சாதனை. ஆனால் சி.எல்.-89 பிரிட்டிஷ் படையுடன் 1991 வளைகுடாப் போருக்குப் போனது. அதன் அடுத்த தலைமுறையான சி.எல்.-289-ஐ ஜெர்மனியும் பிரான்சும் போஸ்னியாவிலும் கொசோவோவிலும் பறக்கவிட்டன. கனடேர் விமானங்கள் புறப்பட்ட கார்ட்டியேவில் விமான நிலையம் 1988-இல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் இன்று புவா-ஃப்ரான் என்ற குடியிருப்பு இருக்கிறது.

'படம்தான் எடுக்கிறது' என்ற வாதத்தைத் தமிழர்களால் எளிதில் ஏற்க முடியாது. இலங்கை விமானப்படை 1990களிலேயே இஸ்ரேலிடமிருந்து ஆளில்லா விமானங்களை வாங்கத் தொடங்கிவிட்டது. வன்னி மக்கள் அதை வண்டு என்றே சொன்னார்கள். விடாமல் ரீங்கரிக்கும் அந்தச் சத்தம் கேட்டால் 'வண்டு சுத்துது' என்று சொல்லிப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்குவார்கள். வண்டு குண்டு போடாது. அது பார்த்துவிட்டுப் போன இடத்துக்குச் செல் என்ற எறிகணை வரும், கிபிர் போர் விமானம் வரும். 2009-இல் போரின் இறுதிக் கட்டத்தில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் செல் விழுந்தது. நிகழிடத்தை உடனுக்குடன் படம்பிடித்துக் காட்டும் ஆளில்லா விமானங்கள் இராணுவத்திடம் இருந்தன என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் கவனப்படுத்தியது. அவை மொன்றியலில் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் பீரங்கிக்குக் கண்ணாக இருப்பது என்ற அதே வேலையைத்தான் செய்தன. அந்தச் சத்தத்தின் கீழே வாழ்ந்த பலர் இன்று மொன்றியலில் கோட்-டே-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள்.

அடுத்த கட்டம் மக்கில் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1990களில் அங்கே மார்ட்டின் பூலர் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒற்றைக் காலில் துள்ளும் ரோபோ, நான்கு கால் ரோபோ என்று வரிசையாக உருவாயின. 1998-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பாவின் பணத்தில் மிச்சிகன், பெர்க்லி, மக்கில் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆர்ஹெக்ஸ் என்ற ஆறு கால் ரோபோவைத் தொடங்கின. கரப்பான்பூச்சி ஓடுவதை ஆராய்ந்த உயிரியலாளர் ராபர்ட் ஃபுல்லின் முடிவுகளும் அதற்கு உதவின. ஒவ்வொரு காலுக்கும் ஒரே ஒரு மோட்டார். கால் என்பது வளைந்து கொடுக்கும் அரைவட்டப் பட்டை. இந்த எளிமையே அதன் சிறப்பு. கல், மண், படிக்கட்டு, புதர் எல்லாவற்றின் மேலும் அது ஏறியது.

அந்த வடிவத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று அக்குவா. கால்களுக்குப் பதில் துடுப்புகள் பொருத்தி, கிரெகரி டூடெக் முதலிய மக்கில் ஆய்வாளர்கள் பார்படோஸ் கடலில் பவளப் பாறைகளைக் கண்காணிக்க அதை அனுப்பினார்கள். மற்றொன்று போர்க்களத்தை நோக்கிச் சென்றது. பூலர் 2003-இல் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்துக்குப் போய், டார்பாவுக்காக அங்கே உருவான பிக்டாக் ரோபோவின் பணிக்குத் தலைமை ஏற்றார். நூறு கிலோவுக்கு மேல் எடை, சிறிய பெட்ரோல் இயந்திரம், நான்கு கால்கள். சிப்பாயின் மூட்டையைச் சுமந்து மலையேற வேண்டும் என்பது நோக்கம்.

2008-இல் வெளியான பிக்டாக் காணொளி உலகெங்கும் பரவியது. நடந்துகொண்டிருக்கும் இயந்திரத்தை ஒருவர் பக்கவாட்டில் எட்டி உதைக்கிறார். அது தடுமாறி, கால்களைப் பரப்பிச் சமாளித்து, மறுபடி நடக்கிறது. பனிக்கட்டியில் வழுக்கி விழப்போய் எழுகிறது. பார்த்தவர்களில் பலர் 'ஐயோ பாவம்' என்றார்கள், வேறு பலர் அருவருத்தார்கள். உயிரற்ற இயந்திரத்தின் மீது இரக்கம் சுரந்தது மனித மனத்தின் நல்ல பக்கம்தான். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த மூட்டைக்குள் என்ன இருக்கும், எந்த மலையில் எந்த ஊருக்கு அது ஏறும் என்ற விவாதம் அந்த இரக்கத்துக்குக் கீழே புதைந்துபோனது. கடைசியில் பிக்டாக்கின் வாரிசை அமெரிக்க மரைன் படை 2015-இல் ஒதுக்கிவைக்கக் காரணம் அதன் இரைச்சல். 2020-இல் பாஸ்டன் டைனமிக்ஸ் ஸ்பாட் என்ற மின்சார நாயை 74,500 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் வாங்கும் பொருளாக மாறிய பிறகு அதன் மூதாதை இராணுவப் பணத்தில் பிறந்தது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்கள் மாணவர்கள். மக்கிலில் 1980களில் எரிபொருளும் காற்றும் கலந்து வெடிக்கும் குண்டுகளுக்கான ஆய்வுக்கு எதிராக மாணவர்கள் போராடியதை அடுத்து, இராணுவப் பணத்தில் நடக்கும் ஆய்வால் தீங்கு நேருமா என்று ஆய்வாளர் அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2010-இல் விதிகள் திருத்தப்பட்டபோது அது நீக்கப்பட்டது. 2014-இல் 'மக்கிலை இராணுவமயத்திலிருந்து விடுவிப்போம்' என்ற மாணவர் குழு, ஆளில்லா விமான ஆய்வு நடந்த ஆய்வகத்தின் வாயிலை மறித்தது. பலருக்கு எரிச்சலூட்டிய அந்த மறியல், என் பார்வையில், இந்த வரலாறு முழுவதிலும் சரியான வாசலில் நின்ற ஒரு சில எதிர்ப்புகளில் ஒன்று. அதே ஆண்டில் ஒன்டாரியோவின் கிளியர்பாத் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் கொலைகார ரோபோக்களைச் செய்யமாட்டோம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்களில் இராணுவமும் இருந்த ஒரு நிறுவனம் அப்படிச் சொன்னது சிறிய செயல் அல்ல.

2017 நவம்பரில் எதிர்ப்பு இன்னும் மேலே போனது. மனிதர் தலையீடு இல்லாமல் இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைத் தடைசெய்யக் கனடா முன்வர வேண்டும் என்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவுக்குச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் திறந்த கடிதம் எழுதினார்கள். ஒட்டாவா சட்டப் பேராசிரியர் இயன் கெர், மொன்றியலின் யோஷுவா பெஞ்சியோ, ரொறன்ரோவின் ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோர் அதில் கையெழுத்திட்டார்கள். அதே மாதம் மொன்றியல் பல்கலைக்கழகம் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான மொன்றியல் பிரகடனத்தின் பணியைத் தொடங்கியது. நூலகங்களிலும் மன்றங்களிலும் 500-க்கும் மேற்பட்ட குடிமக்கள் உட்கார்ந்து பேசினார்கள். 2018 டிசம்பர் 4 அன்று பத்துக் கோட்பாடுகளோடு பிரகடனம் வெளியானது. கொல்லும் முடிவை எப்போதும் மனிதரே எடுக்க வேண்டும், அந்தப் பொறுப்பை இயந்திரத்தின் மேல் போடக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனாலும் மக்களின் மேசைகளுக்கு வந்த துறைகள் கல்வி, மருத்துவம், வேலை, குற்றத்தை முன்கூட்டிக் கணிக்கும் காவல்பணி, திறன்மிகு நகரமும் இணையத்தோடு இணைந்த வீட்டுக் கருவிகளும் ஆகியவையே. போர் என்பதற்குத் தனி மேசை இல்லை.

பார்க்-எக்ஸ்டென்ஷன் மக்களின் எதிர்வினையோ வேறு வகையானது. 2019-இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மில் வளாகம் அந்தப் பகுதியை ஒட்டிய பழைய ரயில் நிலத்தில் திறக்கப்பட்டது. பெஞ்சியோ நிறுவிய மிலா என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனமும் பக்கத்துத் தெருக்களுக்கு வந்தது. தமிழரும் வங்காளிகளும் பஞ்சாபிகளும் நெருங்கி வாழும் அந்த இடத்தில் வாடகை ஏறியது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதங்கள் வந்தன. குடியிருப்போர் அமைப்புகள் வளாகத்தின் வாசலிலேயே ஆர்ப்பாட்டம் செய்தன. செயற்கை நுண்ணறிவு என்பது அவர்களுக்கு முதலில் வீட்டு வாடகையாகத்தான் வந்தது. அறம் பேசும் பிரகடனம் பிறந்த பல்கலைக்கழகமே இந்த வாடகைக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது நியாயம்.

2023 டிசம்பரில் தன்னியக்க ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. கனடாவும் அவற்றில் ஒன்று. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியா இருந்தது. ஏன் என்று தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.

மொன்றியல் தமிழர்களிடம் கேட்பது வேறொன்று. கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 2007 முதல் 2012 வரை, போராலும் வன்முறையாலும் இடம்பெயர்ந்து இந்த நகரத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்தது. அந்த வழியில், வன்னியில் வண்டின் கீழே வாழ்ந்தவர்களின் சாட்சியங்களைத் தமிழில் பதிவு செய்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்நகரப் பல்கலைக்கழகங்களின் முன் வைக்க வேண்டும். எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, பிறகு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கோடையிலேயே அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.