நெஞ்சுப் படபடப்பும் சில மாத்திரைகளும் - ஒரு சின்ன வரலாறு

இரண்டாம் ஆண்டு காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு. கேள்வித்தாளை வாங்கி இரண்டாவது கேள்வியைப் படித்துக் கொண்டிருக்கிறேன், திடீரென்று நெஞ்சு அடித்துக் கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. மூச்சு விடுகிறேன், ஆனால் காற்று போதவில்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் செத்துவிடுவேன் என்று உறுதியாகத் தோன்றியது. கேள்வி கஷ்டமா என்றால் அதுவும் இல்லை, நன்றாகத் தெரிந்த கணக்குதான்!

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். "ஒண்ணுமில்லப்பா, கேஸ் ட்ரபிள், போய் நல்லா தூங்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று வாரத்தில் அதே மாதிரி நான்கு முறை வந்தது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். ஆச்சி அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தார். "இங்கிலீஷ் மருந்துப் பக்கம் போயிடாதே, அடிமையாக்கிடும்" என்றார் மாமா. நண்பன் ஒருவன் தன் அக்காவின் தூக்க மாத்திரையில் பாதி உடைத்துத் தரட்டுமா என்றான். யார் பேச்சைக் கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், உட்கார்ந்து படித்தேன். பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இதில் சரக்கு, சந்தை, விளம்பரம் எல்லாம் இருக்கிறது.

முதலில் "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையின் வரலாறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) நடந்தபோது பிலடெல்பியாவில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டரிடம் சிப்பாய்கள் வந்து கொண்டே இருந்தார்கள். நெஞ்சுப் படபடப்பு, மார்பு வலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல். இதயத்தைச் சோதித்தால் பழுது எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட 300 பேருக்கு மேல் ஆராய்ந்து 1871-ல் ஒரு கட்டுரை எழுதினார். "எரிச்சலுற்ற இதயம்" என்று பெயர் வைத்தார். ஓய்வும் டிஜிட்டாலிஸ் என்ற மருந்தும் கொடுத்தார். டிஜிட்டாலிஸ் ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது, அதாவது "இயற்கை மருந்து". அளவு கொஞ்சம் கூடினால் ஆளையே கொன்றுவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் டா கோஸ்டா ஒருவரிடமும் "ஒண்ணுமில்ல, போ" என்று சொன்னதாகத் தெரியவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

1895-ல் பிராய்ட் இந்தப் பதற்றத்தை நரம்புத் தளர்ச்சியிலிருந்து பிரித்துத் தனி நோயாக எழுதினார். மருந்து என்று பார்த்தால் புரோமைடு, 1903-க்குப் பிறகு பார்பிடால் வகைகள். எல்லாம் ஆளை மந்தமாக்கித் தூங்க வைக்கிறவை. பார்பிடால் வகையில் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. பிராங்க் பெர்கர் செக் நாட்டுக்காரர். நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். பென்சிலின் கெடாமல் இருக்க ஒரு ரசாயனம் தேடிக் கொண்டிருந்தபோது, ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்தால் அவை தூங்காமலே உடம்பு தளர்ந்து அமைதியாகக் கிடப்பதைப் பார்த்தார். அதை 1946-ல் எழுதினார். பிறகு அமெரிக்கா போய் அதே வழியில் மெப்ரோபமேட்டை உருவாக்கினார். 1955-ல் அது "மில்டவுன்" என்ற பெயரில் கடைக்கு வந்தது. நியூஜெர்சியில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயர்தான், ஓர் எழுத்தைக் குறைத்துக் கொண்டார்கள். ஹாலிவுட்டில் ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியது. மருந்துக் கடைகளில் "மில்டவுன் தீர்ந்துவிட்டது, நாளை வரும்" என்று போர்டு மாட்டினார்கள். நம்மூரில் பால் பாக்கெட்டுக்கு மாட்டுவதைப் போல.

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஹாஃப்மன் லா ரோஷ் தன் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக்கிடம் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றது. அவர் முன்பு போலந்தின் கிராக்கோ நகரில் சாயப் பொருளுக்காகச் செய்து வைத்திருந்த ரசாயனங்களைத் தூசி தட்டி எடுத்தார். சுமார் 40 வகை செய்தும் ஒன்றும் தேறவில்லை. கம்பெனி வேறு வேலை கொடுத்துவிட்டது. 1957-ல் மேசையைச் சுத்தம் செய்தபோது, சோதிக்காமல் விட்ட ஒரு பொருள் கிடைத்தது. குப்பையில் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் வந்த லிப்ரியம். 1963-ல் அதன் தம்பி வேலியம். அமெரிக்காவில் 1970-கள் முழுக்க மிக அதிகம் விற்ற மருந்துகளில் முதலிடம் வேலியத்துக்கு; 1978-ல் மட்டும் 200 கோடிக்கு மேல் மாத்திரைகள். (வேலேரியன் என்ற மூலிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் ஒன்று போல் இருக்கிறது.)

பில் வந்தது பிறகுதான். மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, முன்னைவிட மோசமான பதற்றம், சிலருக்கு வலிப்புகூட. 1979-ல் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணையே நடந்தது. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த வகை மாத்திரைகளுக்கெல்லாம் கடும் எச்சரிக்கையைக் கட்டம் போட்டு அச்சிட வைத்தது. ஆக, மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் எல்லா மருந்துக்கும் பொருந்துகிற உண்மையும் இல்லை. நண்பன் உடைத்துத் தருவதாகச் சொன்ன பாதி மாத்திரை இந்த வகைதான் என்று பிறகு தெரிந்தது.

இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் உலுக்கியது நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் 1950-களின் கடைசியில் நடந்தது. டொனால்ட் க்ளைன் என்ற இளம் டாக்டர், இமிப்ரமின் என்ற புது மருந்தை (மனச்சோர்வுக்கு வந்தது) கடும் பதற்றத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தினமும் பலமுறை நர்ஸ்கள் இருக்கும் இடத்துக்கு ஓடி வந்து "நான் சாகப் போகிறேன்" என்பார்கள். சில வாரம் மருந்து கொடுத்தும் "ஒரு முன்னேற்றமும் இல்லை" என்றார்கள். டாக்டர்களுக்கும் அப்படித்தான் பட்டது. நர்ஸ்கள்தான் கவனித்தார்கள், அவர்கள் இப்போது ஓடி வருவதே இல்லை! திடீரென்று வரும் அந்தத் தாக்குதல் நின்றிருந்தது. "மறுபடி வந்துவிடுமோ" என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் புரிந்தது. க்ளைன் 1964-ல் இதைத் தனிக் கட்டுரையாக எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் "பேனிக் டிஸார்டர்" தனிப் பெயராக ஏறியது. மருந்து நோயைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

இதைப் படித்த அன்று இரவு ரொம்ப நேரம் தூங்கவில்லை. மூன்று வாரமாக நான் பஸ் ஏறாமல் நடந்தே காலேஜ் போனது தாக்குதலால் இல்லை, அதன் பயத்தால்.

பெயர் கிடைத்ததும் வியாபாரமும் வந்துவிட்டது. அப்ஜான் கம்பெனியின் ஸானாக்ஸ் 1981-ல் வந்தது. அந்தக் கம்பெனியே பணம் போட்டுப் பல நாடுகளில் பேனிக் ஆராய்ச்சி நடத்தியது. 1990-ல் பேனிக்கிற்கென்றே அனுமதி கிடைத்தது. மார்க்கெட்டிங் பேப்பரில் பதில் எழுத நல்ல உதாரணம். லண்டனின் ஐசக் மார்க்ஸ் போன்றவர்கள் அந்த ஆராய்ச்சியைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

இயற்கை வழி? நம் நாட்டுச் சர்ப்பகந்தாவையே எடுத்துக் கொள்ளுங்கள். 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுவதை எழுதினார்கள். 1952-ல் சுவிஸ் கம்பெனி சிபா அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியது. சிலருக்கு அதனால் மனச்சோர்வு வந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். வேராக இருந்தபோது இயற்கை, மாத்திரையானதும் இங்கிலீஷ் மருந்தா? பசிபிக் தீவுகளின் காவா வேரை, ஈரலைக் கெடுப்பதாக 2002-ல் ஜெர்மனி கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆச்சியின் அமுக்கராவிலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, அபூர்வம் என்றாலும்.

மருந்தில்லாத வழி ஒன்று இருக்கிறது, அது மூலிகையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் க்ளேர் வீக்ஸ் விலங்கியல் ஆராய்ச்சியாளராக இருந்தவர். காசநோய் என்று தவறாகச் சொல்லப்பட்டுப் பயத்திலேயே நெஞ்சுப் படபடப்பு வந்தது. முதல் உலகப் போரில் இருந்த நண்பர் ஒருவர், "எங்களுக்கும் அப்படித்தான் அடித்துக் கொண்டது, அது வெறும் பயம்" என்று சொன்னது அவருக்குத் திறவுகோலாகிவிட்டது. பிறகு டாக்டருக்குப் படித்து 1962-ல் புத்தகம் எழுதினார். சண்டை போடாதே, எதிர்கொள், வரட்டும் என்று விடு, மிதந்து போ, நேரம் ஆகட்டும். அவ்வளவுதான். மருந்தை அவர் அடியோடு மறுக்கவும் இல்லை. 1986-ல் டேவிட் கிளார்க் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். உடம்பில் சின்ன மாற்றம், அதை "சாகப் போகிறேன்" என்று தப்பாகப் படிக்கிறோம், பயத்தில் வேகமாக மூச்சு விடுகிறோம், கரியமில வாயு குறைந்து விரல் மரத்து தலை சுற்றுகிறது, பயம் இரட்டிப்பாகிறது. என் விரல்கள் மரத்தது இதனால்தான்!

கடைசியில் வேறோர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தேன். அம்மா மட்டும் கூட வந்தார், மாமாவுக்குச் சொல்லவில்லை. பழக்கமாகாத வகை மாத்திரை, தினம் ஒன்று, பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். கூடவே வாரம் ஒரு முறை கவுன்சலிங். அமுக்கராவைப் பற்றியும் கேட்டேன், இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஆச்சி கோபித்துக் கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது வெறும் பால் தருகிறார்.

அடுத்த செமஸ்டர் தேர்வில் மறுபடி வந்தது, அதே இரண்டாவது கேள்வியில். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பத்து நிமிடம் போயிருக்கும். பிறகு எழுத ஆரம்பித்தேன். கடைசிக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் நேரம் போதவில்லை. 61 மார்க்.