ஜெஃபர்சனின் பள்ளியில் யாருக்கு இடம்?

தாமஸ் ஜெஃபர்சன் இரண்டு முறை அமெரிக்க ஜனாதிபதியா இருந்தவர். ஆனா அவர் கல்லறையில அது கிடையாது. சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம். இந்த மூணு போதும்னு அவரே எழுதி வச்சிட்டார்.

கல்வி மேல அவ்வளவு நம்பிக்கை. மக்கள் படிச்சிருந்தாதான் ஆட்சியாளர்கள் அத்துமீறும்போது கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் வாதம். 1779-லேயே ஒரு மசோதா எழுதினார்: ஆண், பெண் இருவருக்கும் மூணு வருஷம் இலவசப் பள்ளி. அன்னைக்கு அது நிறைவேறல.

அதுல ஒரு வார்த்தையைக் கவனிங்க: 'சுதந்திரமான' குழந்தைகள். இந்த ஒரு கண்டிஷன்ல அடிமைக் குழந்தைகள் அத்தனை பேரும் அவுட். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளா வச்சிருந்தவர் அவர். அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டினதுலயும் அடிமைகளின் உழைப்பு இருக்கு.

1826 ஜூலை 4, பெரும் கடனோட இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ எஸ்டேட்ல ஏலம். அதுல வித்தவங்கள்ல ஒருத்தன், 11 வயசு பீட்டர் ஃபாசெட். அவன் அப்பா, கொல்லர் ஜோசப்புக்கு ஜெஃபர்சனின் உயில்ல விடுதலை உண்டு, மகனுக்கு இல்லை. புத்தகத்தைத் தொட்டா சவுக்கடின்னு புது முதலாளி மிரட்டினார். பீட்டர் ஒளிஞ்சு படிச்சார், மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிறகு விடுதலையாகி, சின்சினாட்டியில் பாதிரியார் ஆனார்.

படிப்புக்கும் சுதந்திரத்துக்கும் என்ன தொடர்புன்னு ஜெஃபர்சனுக்கு நல்லாவே தெரியும். சவுக்கைக் காட்டின அந்த முதலாளிக்கும் தெரியும்.